முழங்கால் உயரம்

பெண்ணையாறு கண்டரக்கோட்டைக்கு வந்து
இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது.
எடுத்துப்போனதைச் சொல்ல ஊரில் ஆளிருக்கிறது.
விட்டுப்போனதை அள்ளத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கொய்யாத் தோப்பு. கிளையெல்லாம் இடுப்புக்கு இறங்கியிருக்கும்.
ஜேசிபி நுழைந்தால் மண்ணோடு மரமும் போகும்.
அதனால் என் சின்ன வண்டி:
இருபத்தேழு குதிரை, முன்னால் ஒரு பக்கெட்,
பானட்டில் மஞ்சள் எழுத்தில் ‘அஞ்சலாட்சி துணை’.
சாமி பேர் என்று நினைக்கிறார்கள். என் பேர்.

தோப்புக்காரர் பேர் பூவராகன்.
பூமியைக் கொம்பில் தூக்கியவன் பேரை வைத்துக்கொண்டு
மணிக்கு எவ்வளவு என்றார்.
சொன்னேன்.
வராகமே இவ்வளவு வாங்கியிருக்காது என்றார்.
வராகத்துக்கு டீசல் செலவில்லை என்றேன்.

முதலில் பின்னால் எடை.
கலப்பை மாட்டும் இடத்தில் பலகை கட்டி
இதே வண்டலை நிரப்பி ஆறு மூட்டை ஏற்றினேன்.
“அள்ளச் சொன்னா சுமக்கிறியே.”
முன்னால் தூக்குகிறவளைப் பின்னாலிருந்து
யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்,
இல்லாவிட்டால் பின்சக்கரம் தரையை மறந்துவிடும்.

முந்தானையைச் சட்டைக்குள் செருகினேன்.
குவியலுக்கு நேராக, முதல் கியரில்,
பக்கெட்டின் அடி தரையோடு தரையாக.
மூக்கு நுழைந்ததும் சுருட்டு; சுருட்டிக்கொண்டே தூக்கு.
ஈர வண்டல் பொய் சொல்லும்:
கண்ணுக்கு அரைப் பக்கெட்,
லீவருக்கு ஒரு சினை எருமை.
தூக்கியது முழங்கால் உயரம்.
டிரெய்லர் பக்கத்தில் வரும்வரை அதற்கு மேல் ஒரு சாண் கிடையாது.

நாகமுத்து டிரெய்லரைத் தள்ளி நிறுத்தியிருந்தான்.
எட்டடி கிட்டே வா, கொஞ்சம் சாய்த்து நிறுத்து என்றேன்.
நடைக்கு அரை நிமிஷம்.
நூறு நடைக்குக் கணக்குப் பார்த்தால்
நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு மத்தியானம்.

கரைச் சரிவில் ஏறும்போது சுமை மேட்டுப் பக்கம்.
இறங்கும்போதும் சுமை மேட்டுப் பக்கம்,
பின்னாலேயே இறங்க வேண்டும், கழுத்தைத் திருப்பிக்கொண்டு.
ஸ்ரீமுஷ்ணத்துச் சாமிக்கு உடம்பு ஒரு திசை, முகம் ஒரு திசை.
ரிவர்ஸ் எடுக்கிறவர்களின் நிற்பு அது.
இதைப் பூவராகனிடம் நான் சொல்லவில்லை.

பதினொன்றரைக்குக் கிழக்கே கடல் பக்கம் கருத்தது.
“உசத்திப் புடிச்சுக்கிட்டே திரும்பேன், மழை வருது.”
எனக்கும் பசி.
ஒரே ஒரு நடை.
தலைக்கு மேல் மண்ணோடு திரும்பினேன்,
வண்டல் மூடிய பாத்திக் குழிக்குள்
இடது முன்சக்கரம் இறங்கியது.

பின்னால் ஒரு சக்கரம்
எதையும் தொடாமல் சுற்றுகிற சத்தம்
மெல்லிசாக இருக்கும்.

புத்திக்கு முன்னால் கை லீவரைத் தள்ளியது.
பக்கெட் இறங்கி நிலத்தில் ஊன்றியது.
வண்டி நாய் மாதிரி ஒரு முறை உதறிவிட்டு
நாலு காலில் நின்றது.

மழை வரவில்லை.
பூவராகன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு
“நிதானமாவே செய்ம்மா” என்றார், வேறு யாரோ குரலில்.
நான் தண்ணீர் குடித்தேன். கை நடுங்குவது தெரியாமலிருக்க
பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்தேன்.

மூன்று மணிக்கு மண்ணுக்குள் கருப்பாக ஒரு கோடு தெரிந்தது.
ஐப்பசியில் உதிர்ந்த கொய்யா இலை,
அதன்மேல் சப்பிப்போன ஒரு சொட்டுநீர்க் குழாய்.
நிறுத்தினேன்.
“கீழ இன்னும் இருக்கே?”
“அது உங்க மண்ணு.”

பக்கெட்டைக் கவிழ்த்துப் பின்னாலேயே இழுத்து
தரையைத் தடவிவிட்டேன்.
மீட்டரில் ஐந்தே முக்கால் மணி.
ஆறுக்குக் கொடுத்தார். குழிக்குள் போன
அந்தக் கால் மணியை யாரும் பேசவில்லை.

கிளம்பும்போது கேட்டார்:
அந்த ஆறு மூட்டையையும் கொட்டிட்டுப் போயேன்,
வாசல்ல பள்ளம் இருக்கு.
“தரமாட்டேன்” என்றேன்.
நாளைக்கு வான்பாக்கத்தில் வேலை.